எண்ணப்படாத மக்கள்: 1942ஆம் ஆண்டுப் பர்மா வெளியேற்றமும் குடியேற்ற நிருவாகத்தின் குறைபாடுகளும்

போர் வரலாறு எழுதுவோர் படைகளின் நகர்வையும் தளபதிகளின் திட்டங்களையும் விரிவாக எழுதுவர். போர்க்காலத்தில் அரசு அலுவலகங்கள் எவ்வாறு இயங்கின, எந்தக் கோப்பு எங்கே தேங்கிற்று, எந்த ஆணை யாரைத் தடுத்து நிறுத்திற்று என்பன பெரும்பாலும் அடிக்குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றன. ஆயினும் எளிய மக்களின் வாழ்வையும் சாவையும் பல வேளைகளில் முடிவு செய்தவை இத்தகைய அலுவலகச் செயல்களே. 1942ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து இந்தியர் வெளியேறிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் அந்நாட்டைவிட்டு நீங்கினர். அவர்களுள் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காடும் மலையும் கடந்து கால்நடையாகவே சென்றனர். வழியில் மாண்டவர் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. அதனினும் கூடுதலாக மதிப்பிடுவோரும் உளர். ஒரு மதிப்பீட்டுக்கும் மற்றொன்றுக்கும் இடையே இத்துணை வேறுபாடு இருப்பதே இவ்வரலாற்றின் அடிப்படை உண்மையைக் காட்டிவிடுகிறது. அம்மக்களை எவரும் எண்ணவில்லை.

கணக்கில்லாக் குடியேற்றம்

1824இல் தொடங்கி 1885 வரை நடந்த மூன்று போர்களின் விளைவாகப் பர்மா படிப்படியாக ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாநிலமாக ஆளப்பட்டது. ஐராவதி ஆற்றின் கழிமுகம் நெல் விளையும் பெருநிலமாக மாறியபோது உழவுக்கும் அறுவடைக்கும் அரிசி ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் ஆள்கள் தேவைப்பட்டனர். சென்னை மாநிலத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் மக்கள் கப்பலேறினர். தெலுங்கர் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தனர். சிட்டகாங்கு மக்கள் ஆற்றுப் படகுகளையும் நீராவிக் கலங்களையும் இயக்கினர். தமிழர் வயலிலும் கடையிலும் அலுவலகத்திலும் இடம்பெற்றனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் வேளாண்மைக்குக் கடன் வழங்கும் பெருந்தொழிலை நடத்தினர். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமற்போகவே, கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. பர்மிய மக்களின் மனக்கசப்புக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பர்மாவில் பத்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட இந்தியர் இருந்தனர். இரங்கூன் நகரின் மக்கள் ஏறத்தாழ நான்கு இலட்சம்; அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. 1920களின் இறுதியில் ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பர்மியத் துறைகளில் வந்திறங்கினர்; அதே அளவில் பலர் ஊர் திரும்பினர்.

இங்கு மலாயாவுக்கும் பர்மாவுக்கும் இடையே இருந்த ஒரு வேறுபாட்டை மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். மலாயாவுக்கு உதவி பெற்று வந்த தோட்டத் தொழிலாளர் நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமில் தங்கவைக்கப்பட்டனர். அவர்கள் பெயரும் ஊரும் ஏட்டில் ஏறின. பினாங்கு வந்தால் ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக் காவல் இருந்தது. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டத்தின் கீழ் இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் பணியாற்றினார். அம்முறையில் குறைகள் பல இருந்தபோதிலும், தொழிலாளிக்கு ஒரு பெயரும் ஒரு பதிவும் இருந்தன. பர்மாவோ அன்று இந்தியாவின் ஒரு பகுதி. சென்னையிலிருந்து இரங்கூனுக்குச் செல்வது, சட்டத்தின் பார்வையில், சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குச் செல்வதை ஒத்தது. ஆகவே பதிவும் இல்லை, முகாமும் இல்லை. மேல்தளச் சீட்டு வாங்கியவன் கப்பலேறினான். மேஸ்திரி காட்டிய இடத்தில் வேலை செய்தான். துறைமுகச் சுகாதார அதிகாரிகள் வந்தவர் தொகையைக் குறித்தனர். வந்தவர் யாவர் என்பதைக் குறிக்கவில்லை.

1941: ஒப்பந்தம் வந்தது, அலுவலகம் வரவில்லை

1937ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி ஆட்சிப் பகுதியாயிற்று. நேற்றுவரை உள்நாட்டுப் பயணிகளாய் இருந்தவர் மறுநாள் அயல்நாட்டுக் குடியேறிகளாயினர். எனினும் குடிநுழைவு விதிகள் சில ஆண்டுகளுக்குப் பழையபடியே தொடரும் என அறிவிக்கப்பட்டமையால், ஒரு குடிநுழைவுத் துறையை முறையாகக் கட்டி எழுப்பும் வேலை ஒத்திவைக்கப்பட்டது. இதற்கிடையே 1930இல் துறைமுகத் தொழிலாளரிடையேயும் 1938இல் நாடெங்கும் நிகழ்ந்த கலவரங்கள் இந்தியர் குடியேற்றத்தை அரசியல் சிக்கலாக்கியிருந்தன.

இச்சிக்கலை ஆராயப் பர்மா அரசின் நிதி ஆலோசகர் ஜேம்ஸ் பாக்ஸ்டர் நியமிக்கப்பட்டார். குடியேற்றம் குறைந்து வருகிறது என்றும், இந்தியர் பர்மியரைப் பெருமளவில் வேலையிலிருந்து வெளியேற்றினர் என்பதற்குச் சான்றில்லை என்றும் அவர் கண்டார். ஆயினும் இரு அரசுகளும் கூடிப்பேசி ஒழுங்குமுறை வகுப்பது நன்று என்று பரிந்துரைத்தார். அவர் பெரிதும் நம்பியிருந்தவை 1931ஆம் ஆண்டுப் புள்ளிவிவரங்கள். 1941 மார்ச்சில் எடுக்கப்பட்ட புதிய குடிமதிப்பின் ஏடுகளுள் பெரும்பகுதி பின்னர்ப் போரில் அழிந்துபோயிற்று. பேரிடர் வந்தபோது நாட்டில் எத்தனை இந்தியர் இருந்தனர் என்பதற்கு முழுமையான கணக்கு இன்றுவரை இல்லாமற்போனது இதனால்தான்.

1941ஆம் ஆண்டின் நடுவில் இந்திய அரசின் சார்பில் சர் கிரிஜா சங்கர் பாஜ்பாயும் பர்மாவின் பிரதமர் ஊ சோவும் பேசி முடித்த இந்திய-பர்மா குடிநுழைவு ஒப்பந்தம் வெளியாயிற்று. அதன்படி குடியேறிகளுக்கு இருவகை அனுமதிச் சீட்டுகள், அவற்றுக்குக் கட்டணங்கள், நீண்டகாலம் வாழ்ந்தோர் அதனை மெய்ப்பிக்க வேண்டிய சான்றுகள் எனப் பல விதிகள் வகுக்கப்பட்டன. பல ஆண்டுகள் நெல்வயலில் உழைத்துவிட்டு, கையெழுத்திட்ட ஒரு துண்டுத் தாளும் வைத்திராத தொழிலாளி தன் வாழ்க்கையை எங்ஙனம் மெய்ப்பிப்பான் என்ற கேள்விக்கு அவ்விதிகளில் விடை இல்லை. இந்தியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. காந்தியடிகளும் அதனைக் கண்டித்தார். ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வருமுன் போர் வந்துவிட்டது.

இவ்வாறாக, 1941 டிசம்பரில் பர்மா ஒரு விந்தையான நிலையில் இருந்தது. குடியேறிகளைத் தடுப்பதற்கான விதிகள் தாளில் இருந்தன. அவர்களைப் பதிவதற்கோ, இடம் மாற்றுவதற்கோ, காப்பதற்கோ வேண்டிய அலுவலகம் இல்லை. இரங்கூனில் இந்திய அரசின் முகவராயிருந்த ஹச்சிங்ஸ் ஒரு சிற்றலுவலகத்தை வைத்துக்கொண்டு பத்து இலட்சம் மக்களின் நலனுக்குப் பொறுப்பாயிருந்தார்.

குண்டு விழுந்தபின்

1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய வானூர்திகள் இரங்கூன் மீது முதன்முறையாகக் குண்டு வீசின. பதுங்குவதற்குப் பழக்கப்படாத மக்கள் தெருவில் நின்று வானத்தை நோக்கிக்கொண்டிருந்தனர். அன்று மாண்டவர் ஈராயிரத்துக்குக் குறையார் என்பது மதிப்பீடு. துறைமுகத் தொழிலாளரும் சந்தைப் பகுதி மக்களுமே அவர்களுள் மிகுதி. கிறிஸ்துமசு நாளன்று மீண்டும் குண்டுகள் விழுந்தன. பல்லாயிரம் இந்தியர் மூட்டை முடிச்சுகளுடன் வடக்கே புரோம் நகரை நோக்கி நடக்கத் தொடங்கினர்.

அரசு இதனை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு நகரத்தின் மக்களுள் பாதிப்பேர் அயலிலிருந்து வந்தோராயின், அபாயம் நேர்ந்தால் அவர்கள் தாய்நாட்டை நோக்கியே திரும்புவர் என்பது வெளிப்படை. அவ்வாறு திரும்பும் வழிகள் யாவை, உணவு எங்கே, நீர் எங்கே என்ற திட்டம் அமைதிக் காலத்தில் தீட்டப்படவில்லை. இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் இடையே முறையான தரைச்சாலை ஒன்றேனும் இருந்ததில்லை. கப்பல் வழி இருக்கையில் சாலை எதற்கு என்ற எண்ணமே நூறாண்டுகளாக நிலவியது.

நகரத்தில் எஞ்சியிருந்தோர் நிலையும் இரங்கத்தக்கதே. துப்புரவுத் தொழிலாளர் ஓடிவிட்டமையால் தெருக்களில் கழிவு குவிந்தது. துறைமுகத்தில் கப்பல்கள் சரக்கிறக்க ஆளின்றி நின்றன. சீனாவுக்கு அனுப்பவேண்டிய அமெரிக்கப் போர்த் தளவாடங்கள் அவற்றில் இருந்தன. அப்போதுதான் இந்தியத் தொழிலாளியின் இன்றியமையாமை ஆட்சியாளருக்குப் புலப்பட்டது. சில திங்களுக்கு முன் அவன் மிகையானவன் என்று விதிகள் எழுதப்பட்டன. இப்போது அவன் போகக்கூடாதவனாகிவிட்டான்.

முரண்பட்ட ஆணைகள்

இந்த மனமாற்றத்திலிருந்தே முரண்பட்ட ஆணைகள் பிறந்தன. புரோமை அடைந்த தொழிலாளரிடம் அதிகாரிகள் பேசி, பாதுகாப்பும் ஊதியமும் உறுதிகூறிப் பல்லாயிரவரை மீண்டும் இரங்கூனுக்கே அழைத்து வந்தனர். நகருக்கு வெளியே அவர்களுக்கு முகாம்கள் அமைக்கப்பட்டன. மேலும் குண்டுகள் விழவே அவர்கள் மீண்டும் ஓடினர். முதன்முறை ஓடியபோது கையில் இருந்த காசும் உடலில் இருந்த வலிமையும் இரண்டாம் முறை இல்லை.

கடல்வழியிலும் இதே நிலை. பெண்களும் குழந்தைகளும் வசதி படைத்தோரும் கப்பலில் இடம்பெற்றனர். உழைக்கும் வயதினரான ஆடவர் மேல்தளச் சீட்டில் நாட்டைவிட்டு நீங்குவதற்குத் தடைகள் விதிக்கப்பட்டன. உயர் வகுப்புச் சீட்டு வாங்கப் பணம் உடையவனுக்கு அத்தடை பொருந்தவில்லை. ஆகவே விதி சொல்லளவில் பொதுவாயிருந்தும் நடைமுறையில் ஏழையின்மீது மட்டுமே பாய்ந்தது. 1942 பிப்ரவரி வரை கடல்வழியே சென்றோர் ஏறத்தாழ எழுபதாயிரம். மீதிப்பேருக்கு நடைவழியே கதியாயிற்று.

புரோமுக்கு எதிர்க்கரையிலிருந்து மலைத்தொடரைக் கடந்து தௌங்குப் என்னும் கடலோர ஊருக்குச் செல்லும் பாதை ஒன்று இருந்தது. வழியில் நீரில்லை என்றும், பேதிநோய் பரவும் என்றும் காரணங்காட்டி அதிகாரிகள் அதனை மூடினர். காரணங்கள் மெய்யானவையே. ஆனால் மூடிய வாயிலின் முன் கூடிய கூட்டத்துக்கு வேறு வழி காட்டப்படவில்லை. புரோமில் மக்கள் தேங்கினர். அங்கேயே வாந்திபேதி தோன்றியது. பின்னர்ப் பாதை திறக்கப்பட்டபோது, நோயும் அவர்களுடன் மலையேறிற்று. நோய்க்கு அஞ்சி விதிக்கப்பட்ட தடையே நோய் வளரக் களமாயிற்று. தடையை விதித்தவர் கொடியவராய் இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வழியை அடைக்கும் அதிகாரம் ஒருவரிடமும், மாற்று வழி திறக்கும் பொறுப்பு எவரிடமும் இல்லாமலும் இருந்ததே குறை.

ஆளில்லாத அலுவலகம்

இக்குழப்பத்துக்கு ஆள் பற்றாக்குறையே முதற்காரணம் எனலாம். பர்மாவின் உயர் அதிகாரிகள் தொகையிற் சிறியவர்; அவர்களுள் பலர் போர்ப்பணிக்குச் சென்றுவிட்டனர். பொதுமக்கள் வெளியேற்றத்துக்கென அமைதிக் காலத்தில் ஒரு துறை இருந்ததில்லை. போர் தொடங்கிய பின்னரே அப்பொறுப்பு வோர்லி என்னும் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் வனத்துறையைச் சேர்ந்தவர். காட்டை அறிந்தவர் என்பதால் அத்தேர்வு பொருத்தமானதே. ஆயினும் பழக்கப்பட்ட எழுத்தர்களும், சேமித்த அரிசியும், தனி வண்டிகளும் அவருக்குக் கிடைத்தில. வண்டியும் இரயிலும் படகும் படைக்கே முதலில் தேவைப்பட்டன.

பற்றாக்குறையின் வேர் இன்னும் ஆழமானது. பர்மாவில் அஞ்சல், தந்தி, இரயில், காவல், மருத்துவமனை, கருவூலம் ஆகியவற்றின் கீழ்நிலைப் பணியாளருள் பெரும்பகுதியினர் இந்தியர். வெளியேறுவோருக்குச் சீட்டு எழுதவேண்டிய எழுத்தரே வெளியேறவேண்டியவர். தடுப்பூசி போடவேண்டிய துணை மருத்துவருக்கும் அழைத்துச்செல்ல மனைவி மக்கள் இருந்தனர். தந்தி அனுப்புவோர் போய்விடவே, முன்னே உள்ள முகாமில் நோய் என்பதைப் பின்னே உள்ள முகாம் அறியவில்லை. அலுவலகத்தைத் தாங்கியோரும் அலுவலகத்தின் முன் வரிசையில் நின்றோரும் ஒரே மக்களாய் இருந்ததை ஆட்சியாளர் எண்ணிப் பார்த்ததில்லை.

மேலிடத்திலும் உறுதியில்லை. 1941 அக்டோபரில் இலண்டன் சென்ற பிரதமர் ஊ சோ திரும்பும் வழியில், ஜப்பானியரோடு தொடர்புகொண்டார் என்பதற்காக, 1942 சனவரியில் தடுத்துவைக்கப்பட்டார். பர்மாவின் பாதுகாப்புப் பொறுப்பு சில கிழமைகளுக்குள் ஒரு தலைமையிலிருந்து மற்றொரு தலைமைக்கு மாறி மாறிச் சென்றது. வெளியேறுவோரைப் பற்றி முடிவெடுக்கவேண்டியவர் பலர்: பர்மா அரசு, தில்லியிலிருந்த இந்திய அரசு, வங்காள, அசாம் மாநில அரசுகள், மணிப்பூர் சமத்தானம், இவற்றோடு படைத்துறை. ஓரிடத்தில் அனுப்பியோர் தொகை மற்றோரிடத்தில் ஏற்போர் ஆற்றலுக்குப் பொருந்தவில்லை.

1942 பிப்ரவரி 20ஆம் நாள் இரங்கூனைவிட்டு வெளியேறும் ஆணை பிறந்தது. சிறைக்கைதிகளும் மனநோய் மருத்துவமனையிலிருந்தோரும் திறந்துவிடப்பட்டனர்; நகரில் கொள்ளையும் தீவைப்பும் பெருகின. யாரை எங்கே கொண்டு செல்வது என்ற ஏற்பாடு முடியுமுன்பே கதவைத் திறக்கும் ஆணை வந்துவிட்டதன் விளைவு அது. மார்ச்சு 8ஆம் நாள் ஜப்பானியர் இரங்கூனுள் புகுந்தனர்.

மூன்று வழிகள்

நடந்து சென்றோர்க்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, மேற்கூறிய தௌங்குப் கணவாய். அதைக் கடந்தோர் அங்கிருந்து படகில் அக்கியாபுக்கும், பின் சிட்டகாங்குக்கும் செல்ல வேண்டும். இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வழியே சென்றனர். கரையில் படகுக்காகக் காத்திருந்தோரிடையே பேதி பலரைக் கொண்டது.

இரண்டாவது, மாந்தளையிலிருந்து சிந்துவின் ஆற்றங்கரையிலுள்ள கலேவா வந்து, தாமு வழியாக மணிப்பூரின் இம்பாலையும் திமாப்பூர் இரயில் நிலையத்தையும் அடைவது. இரங்கூன் வீழ்ந்தபின் இதுவே பெருவழியாயிற்று. மாந்தளை முகாம்களில் பல்லாயிரவர் காத்துக்கிடந்தனர். நாளொன்றுக்கு இத்தனை பேரையே அனுப்பலாம் என்ற வரம்பு, ஏற்கும் பக்கத்து வசதியைப் பொறுத்து, விதிக்கப்பட்டது. ஏப்ரல் 3ஆம் நாள் மாந்தளை குண்டுகளால் எரிந்தது. வரம்பும் வரிசையும் அந்நெருப்போடு போயின. மே 10ஆம் நாள் இம்பாலிலும் குண்டு விழவே, அங்கிருந்த ஏற்பாடுகளும் குலைந்தன.

மூன்றாவது வழியே மிகக் கொடியது. வடகோடியிலுள்ள மியிச்சினா நகரில் வானூர்திக்காகப் பலர் காத்திருந்தனர். மே திங்களின் முதற்கிழமையில் ஆளுநர் சர் ரெஜினால்டு டார்மன்-சுமித் அங்கிருந்தே இந்தியாவுக்குப் பறந்தார். மே 6ஆம் நாள் விமானத்தளம் தாக்கப்பட்டது. இரு நாள்களில் நகரும் வீழ்ந்தது. எஞ்சியோர் ஹூக்காங் பள்ளத்தாக்கின் வழியே பாங்சோ கணவாயைக் கடந்து அசாமின் லெடோவை நோக்கி நடந்தனர். பருவமழை தொடங்கிவிட்டது. சேறும் அட்டையும் மலைக்காய்ச்சலும் பெருக்கெடுத்த ஆறுகளும் ஆயிரக்கணக்கானோரை வழியிலேயே வீழ்த்தின.

அரசின் கை எட்டாத இடங்களில் தனிமனிதரும் அமைப்புகளும் ஆற்றிய பணி போற்றத்தக்கது. இந்தியத் தேயிலைச் சங்கம் தன் தோட்டத் தொழிலாளரையும் மேலாளரையும் அனுப்பி மலைவழிகளில் முகாம்கள் அமைத்தது. உணவுச் சுமைகளைத் தூக்கிச் சென்றோரும் பாதை வெட்டியோரும் அசாம் தோட்டங்களின் ஏழைக் கூலிகளே என்பதை மறத்தலாகாது. தேயிலைத் துறையினரான கைல்சு மக்ரெல் என்பவர் 1942 சூனில், வெள்ளம் புரண்ட டாப்பா ஆற்றங்கரையில் சிக்கியோரை யானைகளின் துணையால் மீட்டார். ஹச்சிங்ஸ், வோர்லி போன்ற அதிகாரிகளும் இறுதிவரை தம் மக்களோடு உழைத்தவர்களே. குறை தனிமனிதரின் ஊக்கத்தில் இல்லை. அவ்வூக்கத்துக்குத் துணைநிற்கும் அமைப்பு இல்லாமையில் இருந்தது.

நிறமும் வழியும்

ஆள் பற்றாக்குறை ஒன்றினால் மட்டும் எல்லாக் குறைகளையும் விளக்கிவிட இயலாது. இருப்பது குறைவாயின், அக்குறைவை எவ்வாறு பங்கிடுவது என்பதில்தான் ஆட்சியின் உள்ளம் வெளிப்படும். வானூர்தி இடங்களிலும் முகாம் வசதிகளிலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் முன்னுரிமை பெற்றனர் என்ற குற்றச்சாட்டு அன்றே வலுவாக எழுந்தது. மணிப்பூர் எல்லையில் வெள்ளையர் வழி, கறுப்பர் வழி என இரு வழிகள் வகுக்கப்பட்டன என்னும் செய்தி இந்தியாவெங்கும் சினத்தை மூட்டிற்று. உணவு முறை வேறுபாட்டையும் கூட்டத்தைப் பிரிக்கும் தேவையையும் அதிகாரிகள் காரணங்காட்டினர். ஆனால் ஒரு வழி எளிதாயும் மற்றொன்று கடிதாயும் இருந்தபோது அவ்விளக்கம் எவர் செவியிலும் ஏறவில்லை.

அதே நாள்களில் மலாயாவிலும் இதன் சாயல் காணப்பட்டது. 1941 டிசம்பர் நடுவில் பினாங்கிலிருந்து ஐரோப்பியர் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர். ஆசிய மக்கள் அதனைப் பிறகே அறிந்தனர். கைவிடப்பட்ட தீவில் ஒழுங்கைக் காக்க முன்வந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராயிருந்த இலங்கைத் தமிழர் மா. சரவணமுத்து. கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை இறக்கி, நகரம் காவலற்றது என்று அறிவித்து மேலும் குண்டு விழாமல் தடுக்க முயன்றவரும் அவரே. ஆண்டவர் நீங்கியபின் ஆளப்பட்டவரே நிருவாகத்தை ஏற்ற காட்சி அது.

தமிழில் ஒரு சாட்சி

நடந்து சென்றவருள் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர். அவர்கள் துயரம் அவர்களோடு மறைந்தது. எனினும் தமிழ்மொழி இவ்வகையில் ஒரு பேறு பெற்றது. இரங்கூனில் 'ஜோதி' என்னும் திங்களிதழை நடத்திய அறிஞர் வெ. சாமிநாத சர்மா, தம் துணைவியாருடன் 1942இல் இவ்வழியே நடந்து இந்தியா சேர்ந்தார். அவ்வனுபவத்தைப் பின்னர் அவர் நூலாக எழுதினார். அரசின் அறிக்கைகள் தொகையையும் தொலைவையும் கூறும். வழியில் நடந்தவரின் நூலோ வரிசையில் நின்றவன் என்ன கண்டான் என்பதைக் கூறும். வரலாற்றைப் பயிலும் மாணவர் இவ்விருவகைச் சான்றுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

திரும்பியோர்க்கும் சான்று வேண்டும்

வெளியேற்றத்தோடு இக்கதை முடிந்துவிடவில்லை. போர் முடிந்தபின், நிலத்தையும் கடையையும் உறவையும் விட்டு வந்தோர் மீண்டும் பர்மா செல்ல முயன்றனர். 1947ஆம் ஆண்டு பர்மா அவசரகாலக் குடிநுழைவுச் சட்டம் கடப்பிதழும் அனுமதிச் சீட்டும் இன்றி எவரும் நுழையலாகாது எனக் கூறிற்று. 1948இல் விடுதலையடைந்த நாடு தன் எல்லையைக் காப்பது இயல்பே. ஆனால் குண்டுக்கு அஞ்சி ஓடியவன் தான் முன்னரே அங்கு வாழ்ந்தவன் என்பதற்கு எதனைக் காட்டுவான்? அவன் பெயர் அமைதிக் காலத்தில் எழுதப்படவில்லை, ஓட்டத்தின்போதும் பதியப்படவில்லை, குடிமதிப்பு ஏடுகளோ போரில் அழிந்தன. 1941இல் ஒப்பந்தம் கேட்ட அதே கேள்வியை 1947இல் சட்டமும் கேட்டது. அதற்கு விடை முன்னிலும் அரிதாகிவிட்டது.

நாட்டிலேயே தங்கிவிட்டோரின் நிலையும் பின்னாளில் மாறியது. 1962இல் படையாட்சி ஏற்பட்டபின் கடைகளும் வணிகமும் நாட்டுடைமையாயின. 1964ஆம் ஆண்டையொட்டிப் பெருந்தொகையினரான இந்தியர் மீண்டும் தமிழகத்துக்கும் பிற பகுதிகளுக்கும் திரும்பினர். சென்னையின் பர்மா பசாரும், தமிழக ஊர்கள் சிலவற்றிலுள்ள பர்மா குடியிருப்புகளும், மணிப்பூர் எல்லையில் மோரே என்னும் சிற்றூரில் வாழும் தமிழரும் அவ்வரலாற்றின் எச்சங்கள். மீண்டும் பர்மாவுக்கே நடந்து செல்ல எண்ணிப் புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டவர்களே மோரேயில் குடியமர்ந்தனர் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி. 1942இல் தாமு வழியே மேற்கே நடந்த மக்களின் பாதை, இருபதாண்டுகளுக்குப்பின் கிழக்கே நடந்த மக்களுக்கு அடைபட்ட பாதையாயிற்று.

முடிவுரை

1942ஆம் ஆண்டுப் பேரிடருக்குப் போரே காரணம் என்று கூறி அமைதல் எளிது. போர் இல்லையேல் அந்நடைப்பயணம் இல்லை என்பது உண்மை. ஆயினும் மாண்டோருள் பலரைக் கொன்றது குண்டு அன்று. பேதியும் பசியும் நீர்வேட்கையும் மழையுமே. அவற்றுக்கு முன்கூட்டியே காப்புத் தேடியிருத்தல் கூடும். பதிவேடு இருந்திருப்பின் எத்தனை பேருக்கு அரிசி வேண்டும் என்பது தெரிந்திருக்கும். சாலை இருந்திருப்பின் வண்டி ஓடியிருக்கும். ஒரே தலைமை இருந்திருப்பின் ஓராணை மற்றோராணையை வெட்டியிராது. பயிற்சி பெற்ற பணியாளர் சிலரேனும் அவ்வேலைக்கென நிறுத்தப்பட்டிருப்பின் மூடிய வாயிலுக்கு மாற்று வழி திறக்கப்பட்டிருக்கும். இவையனைத்தும் அமைதிக் காலத்தில் செய்தற்குரியவை. போர் வந்தபின் எத்துணை ஊக்கமுடையவரும் செய்ய இயலாதவை.

குடியேறிய மக்களின் வழிவந்தோர் வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வரலாறு தனிப் பொருளுடையது. பிறப்புச் சான்று, அடையாள அட்டை, குடியுரிமைத் தாள் ஆகியவற்றைப் பெறாமலும் பெற்றதைப் பேணாமலும் காலங்கழித்த குடும்பங்கள் தோட்டப்புறங்களில் பட்ட இன்னலைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நன்கறிவர். பள்ளிச் சேர்க்கையின்போது தாளின்றி வந்து நிற்கும் குழந்தைக்கு அத்தாளைப் பெற்றுத்தர ஆசிரியர் எடுத்துக்கொள்ளும் முயற்சி சிறு எழுத்தர் வேலையாகத் தோன்றலாம். தௌங்குப் மலைவழியிலும் ஹூக்காங் பள்ளத்தாக்கிலும் பெயரின்றி மடிந்தோரை எண்ணிப் பார்ப்பின், அச்சிறு வேலையின் பெருமை விளங்கும். ஏட்டில் பெயர் ஏறிய பின்னரே ஓர் அரசு ஒருவனுக்குப் பொறுப்பேற்கிறது. அப்பெயரைப் பிழையின்றி எழுதிவைப்பது மக்களைக் காக்கும் பணியின் முதற்படியாகும்.